அறிவும் பழியும்

சென்ற ஆவணித் திங்களில் ஒரு நாள், விளக்கு வைப்பதற்கு முன்பே உணவை முடித்துக்கொண்டு, ஆவடியில் எங்கள் வீட்டு முன்வாசலில் அமர்ந்திருந்தேன். நம் சமூகத்தைச் சேர்ந்த மூதாட்டி ஒருவர், என்னினும் இரண்டோர் ஆண்டு இளையவர், மஞ்சள் பையொன்றைப் பற்றியவாறு வந்தார். பேத்திக்கு வரன் கூடிவருகிறது என்றார். மகிழ்ச்சி என்றேன். அவர் முகத்தில் மகிழ்ச்சி இல்லை. பையிலிருந்து ஜாதகப் பிரதி ஒன்றையும், அதனோடு சேர்த்து மடித்திருந்த இரத்தப் பரிசோதனைத் தாள் ஒன்றையும் எடுத்து என்முன் வைத்தார்.

"டீச்சரக்கா, ஜாதகம் நன்றாகப் பொருந்தியிருக்கிறது. இந்தத் தாளை மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்லத்தான் வேண்டுமா? சொல்லாமல் விட்டுவிட்டால் பாவமா?"

அந்தப் பெண் ஓர் அலுவலகத்தில் பணிபுரிபவள். இரத்தசோகைக்காக இரும்புச்சத்து மாத்திரைகளை மாதக்கணக்கில் உட்கொண்டும் குணம் காணாமையால், மருத்துவர் ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார். அவள் தலசீமியா என்னும் நோயின் மரபணுவைத் தாங்கியவள் என்பது அதில் தெரியவந்தது. அவள் நோயாளி அல்லள். அவளுக்கு நோய் வரப்போவதும் இல்லை. மருத்துவர்கள் 'கேரியர்' என்று கூறும் இத்தகையோரை இக்கட்டுரையில் தாங்குநர் என்று குறிப்பேன்.

பாட்டியின் கேள்விக்கு அன்று நான் கூறிய விடையைப் பின்னர் எழுதுகிறேன். அதற்குமுன் கரும்பலகையில் எழுதும் பழக்கம் விடாதவளாகச் சிலவற்றை விளக்க வேண்டியுள்ளது.

ஒவ்வொரு மரபணுவும் நம்மிடம் இரண்டு பிரதிகளாக உள்ளது; ஒன்று தாய் தந்தது, மற்றொன்று தந்தை தந்தது. தலசீமியா போன்ற நோய்களில் ஒரு பிரதி பழுதுற்றிருந்தாலும் மற்றது பணியைச் செய்துவிடும். ஆதலின் தாங்குநர் எழுபது எண்பது ஆண்டுகள் வாழ்ந்து, பேரன் பேத்திகளைக் கண்டு, தமக்குள் இப்படி ஒன்று இருந்ததை அறியாமலே மறையலாம். தாங்குநர் ஒருவர் தாங்குநர் அல்லாத ஒருவரை மணந்தால் குழந்தைகளுக்கு அந்நோய் வாராது. இருவருமே தாங்குநராயின், ஒவ்வொரு கருப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு குழந்தை நோயுடன் பிறக்கும் வாய்ப்பு உண்டு. அவ்வாறு பிறந்த குழந்தைக்கு இரண்டு முதல் நான்கு வாரத்திற்கொருமுறை இரத்தம் ஏற்ற வேண்டும். ஏற்றிய இரத்தத்தால் உடலில் சேரும் இரும்பை மருந்தால் வெளியேற்ற வேண்டும். வாழ்நாள் முழுவதும் இப்படியே. எலும்புமச்சை மாற்று சிகிச்சை சிலருக்கு வாய்க்கிறது. எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

இதை நான் 1960களின் இறுதியில் ஆசிரியர் பயிற்சி பெற்றபோதே ஒருவாறு படித்திருந்தேன். மெண்டல் என்ற பாதிரியார் பட்டாணிச் செடிகளைக் கொண்டு கண்ட விதிகளை 1866-இல் வெளியிட்டார் என்பதும், நெட்டைக்கும் குட்டைக்கும் மூன்றுக்கு ஒன்று என்னும் கணக்கும் என் நாவில் பாடமாயிருந்தன. பின்னர் அஞ்சல்வழியில் பட்டம் பெற்று உயர்நிலை வகுப்புகளுக்குச் சென்றபோது, எத்தனையோ பிள்ளைகளுக்கு அக்கட்டங்களை வரைந்து காட்டினேன். அந்தக் கட்டத்திற்குள் என் தமக்கையின் வீடு இருந்ததை மட்டும் நான் வரைந்து பார்க்கவில்லை.

என் தமக்கையைத் தாய்மாமனுக்கே கொடுத்தார்கள். வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூர்களில் நம்மவரிடையே அது இயல்பான வழக்கம்; சொத்தும் சிதறாது, பெண்ணும் கண்முன் இருப்பாள் என்பர். மூத்த மகன் நலமாக வளர்ந்தான். அடுத்துப் பிறந்த இரு குழந்தைகளும் ஆறேழு மாதத்தில் வெளுக்கத் தொடங்கி, வயிறு பருத்து, இரண்டு வயது நிறையுமுன் ஒருவர்பின் ஒருவராக இறந்தனர். என்ன நோய் என்று அன்று ஒருவரும் பெயர் சொல்லவில்லை. இன்று நானாகப் பெயர் வைப்பதும் முறையன்று. ஆனால் பழி மட்டும் தாமதமின்றி வந்தது. பழித்தவர் மாமியார். அவரே எங்களைத் தூக்கி வளர்த்த பாட்டியும் ஆவார். "எந்தப் பிறவியில் எந்தத் தாயிடமிருந்து பிள்ளையைப் பிரித்தாளோ" என்று வந்தவர் போனவரிடமெல்லாம் அவர் கூறுவார். தமக்கை அஷ்டமி, சதுர்த்தசி தவறாமல் உபவாசம் இருந்தாள். மெலிந்துபோனாள். பாட்டியிடம் அம்மரபணு இருந்திருக்குமாயின், அது மகனுக்குச் செல்ல இரண்டில் ஒரு வாய்ப்பு, மகள்வழிப் பேத்திக்குச் செல்ல நான்கில் ஒரு வாய்ப்பு, ஆக மணமக்கள் இருவரிடமும் இருக்க எட்டில் ஒரு வாய்ப்பு என்று பல ஆண்டுகள் கழித்துத்தான் கணக்கிட்டேன். பழித்தவரிடமிருந்தே அது வந்திருக்கலாம். தெரிந்திருந்தால் பாட்டி பழித்திருக்கமாட்டார் என்று நான் நம்ப விரும்புகிறேன். உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

நெருங்கிய உறவில் மணப்பது தமிழ்நாட்டில் இன்றும் குறைந்துவிடவில்லை. 2019-21-இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இங்கே மணமான பெண்களில் 28 விழுக்காட்டினர் உறவில் மணந்தவர். இந்திய மாநிலங்களில் இதுவே மிகுதி. உறவில் மணக்காவிடினும், சிறிய சமூகத்திற்குள்ளேயே தலைமுறை தலைமுறையாகக் கொண்டும் கொடுத்தும் வந்தால் கணக்கு ஏறத்தாழ அவ்விடத்திற்கே வந்து சேரும். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு ஜைனர் ஏறத்தாழ 89 ஆயிரம் பேர். வடநாட்டிலிருந்து வந்து குடியேறியோரை நீக்கினால், தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட நம்மவர் அதில் ஒரு பகுதியினரே. இது நமக்கு மட்டும் உரியதும் அன்று. ஐதராபாத்தின் உயிரணு மூலக்கூறு உயிரியல் மையத்து அறிஞர் தங்கராஜும் அமெரிக்க அறிஞர்களும் 2017-இல் வெளியிட்ட ஆய்வு, தெற்காசியாவின் இருநூற்றறுபதுக்கும் மேற்பட்ட சமூகங்களை ஆராய்ந்தது. அவற்றுள் 81 சமூகங்கள், சில முன்னோரிடமிருந்து கிளைத்துத் தமக்குள்ளேயே மணந்ததன் தடத்தை, இவ்வகையில் உலகப் புகழ்பெற்ற அஷ்கெனாசி யூதரையும் பின்லாந்தியரையும் விஞ்சிய அளவில் தாங்கியிருந்தன.

சிறிய சமூகம் ஒன்றில் இவ்வறிவு என்ன செய்யும் என்பதைக் காண வெகுதூரம் போக வேண்டியதில்லை. நீலகிரிக்குச் சென்றாலே போதும். அங்குள்ள பழங்குடிகளிடையே அரிவாள் வடிவ இரத்த அணுக்கள் காணப்படுவதை லேமன், கட்புஷ் என்னும் இருவர் 1952-இல் வெளியிட்டனர். அதற்குமுன் இந்தியாவில் இது உண்டென்று எவரும் எழுதியதில்லை. நரசிம்மன் என்னும் மருத்துவர் 1958-இல் கோத்தகிரியில் தொடங்கிய நீலகிரி ஆதிவாசி நலச்சங்கமும், பின்னர் கூடலூரின் ஆதிவாசி மருத்துவமனையும் அம்மக்களிடையே இரத்தம் பரிசோதித்து, நோயுற்றோருக்குச் சிகிச்சையும் அளித்து வந்துள்ளன. 2023 ஜூலை 1 அன்று மத்தியப் பிரதேசத்துச் சாதோலில் நடுவணரசு தொடங்கிய இயக்கம் இதனை நாடளாவியதாக்கியது. நாற்பது வயதுக்குட்பட்ட 7 கோடிப் பேரைப் பரிசோதித்து அட்டை அளிப்பதும், 2047-க்குள் நோயை ஒழிப்பதும் அதன் குறிக்கோள். மணம் பேசுவோர் இருவரின் அட்டைகளையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஜாதகப் பொருத்தம் பார்க்கும் நாட்டில் இது எளிதில் வேர்கொள்ளும் என்று எண்ணுகிறேன். எளிதில் வேர்கொள்ளும் என்பதுதான் என் அச்சமும். செவ்வாய் தோஷம் என்ற ஒரு சொல் எத்தனை பெண்களை வீட்டிலேயே இருத்திவைத்தது என்பதை என் வயதினர் அறிவர்.

இந்த அச்சம் வெறுங்கற்பனை அன்று. கிரேக்க நாட்டில் ஆர்கோமெனோஸ் என்ற ஊரில், நால்வரில் ஒருவர் என்னுமளவுக்கு அரிவாள் அணுவின் தாங்குநர் இருந்தனர். அனைவரையும் பரிசோதித்து, விளக்கமும் அளித்துவிட்டு, சில ஆண்டுகள் கழித்து ஸ்டமாடோயன்னோபுலோஸ் என்ற அறிஞர் விளைவை ஆராய்ந்து 1974-இல் வெளியிட்டார். தாங்குநர் அவ்வூரில் ஒரு தனி வகுப்பாக ஒதுக்கப்பட்டிருந்தனர்; சிலர் மணம் பேசும்போது உண்மையை மறைத்திருந்தனர். மறைத்தவர்கள் தமக்குள்ளேயே மணந்தபோது, பரிசோதனை எதைத் தடுக்க வந்ததோ அதுவே நேர்ந்தது.

இதற்கு மாற்றாக நியூயார்க் நகரின் யூதர்கள் ஒரு வழி கண்டனர். டே-சாக்ஸ் என்னும் கொடிய நோயால் நான்கு குழந்தைகளை இழந்த ஜோசப் எக்ஸ்டீன் என்னும் சமயகுரு, 1983-இல் டோர் யெஷோரிம் என்ற அமைப்பைத் தொடங்கினார். பள்ளிப் பருவத்திலேயே இரத்தம் எடுக்கின்றனர். முடிவை எவருக்கும், கொடுத்தவருக்கும்கூட, சொல்வதில்லை. ஓர் எண்ணை மட்டும் தருகின்றனர். மணம் பேசத் தொடங்கும்போது இருவர் எண்ணையும் கூறினால், பொருந்தும் அல்லது பொருந்தாது என்று மட்டுமே விடை வரும். தாங்குநர் என்று ஒருவரைச் சுட்ட எவராலும் இயலாது. நான்கு பிள்ளைகளைப் புதைத்தவர் வகுத்த ஏற்பாடு என்பதால் அதனை வணங்குகிறேன். ஆயினும் ஆசிரியை என்ற முறையில் என் மனம் அதில் முழுதும் ஒன்றவில்லை. தன் உடலைப் பற்றிய உண்மை தனக்கே மறைக்கப்படுவதை நல்ஞானத்தின் வழி என்று எப்படிக் கூறுவது? கனடாவின் மாண்ட்ரியல் நகரில் 1970களிலிருந்து உயர்நிலைப் பள்ளி மாணவருக்கே பரிசோதித்து நேரில் சொல்லியும் வந்தனர். வளர்ந்தபின் அவர்கள் அதனை நினைவில் வைத்துப் பயன்படுத்தினர் என்று பின்னாளைய ஆய்வு காட்டியது. சொல்லும் முறையறிந்து சொன்னால் பிள்ளைகள் தாங்கிக்கொள்வார்கள். தாங்காதவர்கள் பெரியவர்கள்தாம்.

இனி நம்மைப் போன்ற சிராவகர்க்கு நெஞ்சை அழுத்தும் பகுதிக்கு வருகிறேன். சைப்பிரஸ் தீவில் தலசீமியாக் குழந்தைகள் பிறப்பது ஏறத்தாழ நின்றே போனது. அங்கே மணத்திற்குமுன் பரிசோதனைச் சான்று வேண்டும் என்று திருச்சபையே விதித்தது. இருவரும் தாங்குநர் என்று அறிந்தோர் மணத்தைக் கைவிட்டனர் என்று நாம் நினைப்போம். இல்லை. பெரும்பாலோர் அவ்வாறே மணந்து, கருவுற்றபின் கருவைப் பரிசோதித்து, நோயுள்ள கருவை நீக்கினர். வெற்றியின் பெரும்பங்கு அங்கிருந்தே வந்தது. கருக்கலைப்பைப் பெரும்பாலும் சட்டம் அனுமதிக்காத இலங்கையில், குருநாகலில் தேசிய தலசீமியா நிலையம் அமைத்து, தாங்குநர் இருவர் ஒருவரையொருவர் மணக்காதிருக்க வேண்டும் என்ற அறிவுரையையே முதன்மை வழியாகக் கொண்டனர். 2019-இல் வெளியான நாடளாவிய ஆய்வு, நோயுடன் பிறப்போர் எண்ணிக்கை அதனால் குறைந்ததற்குச் சான்று காணவில்லை.

இதைப் படித்த அன்று எனக்கு உறக்கம் வரவில்லை. கருவில் தங்கிய கணமே அது ஐம்பொறி உயிர் என்பது நம் கொள்கை. மனம் அறிந்து செய்யும் கொலையைச் சங்கல்ப ஹிம்சை என்று இல்லறத்தாருக்கும் விலக்கியிருக்கிறது நம் அறம். நாட்டின் சட்டமோ, இத்தகைய நோயைக் கருவில் கண்டறிவதை 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அனுமதிக்கிறது. கருவை நீக்குவதற்கும் வரம்புகளுடன் வழியளிக்கிறது. அவ்வழியில் சென்ற தாயொருத்தியை நான் இகழமாட்டேன். இரத்தப்பையின் அடியில் அமர்ந்து பிள்ளையின் கையைப் பிடித்திருப்பவள் அவள், நான் அல்லேன். சோதனைக்குழாயில் கருக்களை உருவாக்கி, நோயற்றதை மட்டும் தேர்ந்து கருப்பையில் வைக்கும் முறையிலும் எஞ்சியவற்றின் கேள்வி எஞ்சியே நிற்கிறது. கொல்லாமல் காக்கும் வழி ஒன்றே ஒன்றுதான் எனக்குப் புலப்படுகிறது: உயிர் வந்து தங்குமுன் அறிவது. அதாவது, மணநாள் குறித்தபின் அன்று. ஜாதகம் கைமாறுவதற்கும் முன்பே. அழைப்பிதழ் அச்சானபின் கிடைக்கும் உண்மையால் எவரும் திரும்பி நடக்கமாட்டார்கள். சவுதி அரேபியாவில் 2004-இல் மணத்திற்குமுன் பரிசோதனை கட்டாயமானபோது, இருவரும் தாங்குநரானவருள் ஏறத்தாழ 9 விழுக்காட்டினரே மணத்தைக் கைவிட்டனர். 2009-இல் பாதிக்கு மேற்பட்டோர் கைவிட்டனர். பழக்கம் மாறச் சில ஆண்டுகள் பிடிக்கின்றன. ஆனால் மாறுகிறது.

சிலர் இவ்வாறு இரண்டு மூன்று தலைமுறை செய்தால் அந்த மரபணுவே அழிந்துவிடும் என்று நினைக்கின்றனர். அழியாது. ஆயிரம் பேருள்ள சமூகத்தில் நாற்பது தாங்குநர் என்று கொள்வோம். நாற்பதின்மரும் தாங்குநர் அல்லாதாரையே மணந்து, ஆளுக்கு இரு குழந்தைகள் பெற்றால் எண்பது குழந்தைகள். அவர்களில் பாதிப்பேர், நாற்பது பேர், தாங்குநர். நோய்க் குழந்தை பிறக்கவில்லை. தாங்குநர் எண்ணிக்கையும் குறையவில்லை. முன்பு இறந்த குழந்தைகளோடு சேர்ந்து மறைந்த மரபணுக்களும் இனி மறையா. ஆகவே இது ஒருமுறை செய்து முடிக்கும் பணியன்று. சந்ததி உள்ளளவும் செய்ய வேண்டுவது. அழிக்க வேண்டிய களங்கமாகவும் அதனைக் கருதவேண்டியதில்லை. தலசீமியாவின் தாங்குநருக்கு மலேரியாவை எதிர்க்கும் வலிமை மிகுதி என்று 1949-இல் ஹால்டேன் கருதினார். பின்வந்த ஆய்வுகள் அதனை உறுதிசெய்தன. (அவர் 1957-இல் இந்தியாவிற்கே வந்து குடியேறிப் புவனேசுவரத்தில் மறைந்தவர்.) நம் முன்னோரைக் காய்ச்சலிலிருந்து காத்த கவசமே, இரண்டாகச் சேரும்போது குழந்தையைக் கொல்கிறது. ஒரே பொருளை ஒருபுறம் மட்டும் நின்று தீர்ப்பளிக்காதே என்று அநேகாந்தம் கூறுவதற்கு இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு எனக்கு வகுப்பறையில் கிடைத்ததில்லை.

என்னை மிகவும் கலங்கவைக்கும் நெடுங்கால விளைவு வேறொன்று. என் தமக்கையின் காலத்தில், நோயுற்ற குழந்தை முன்வினையின் பயன் என்று பழிக்கப்பட்டது. இனிவரும் காலத்தில், "பத்து நிமிடப் பரிசோதனையைச் செய்யாமல் பெற்றாயே" என்று தாய் பழிக்கப்படுவாள். அறிவு வளர்ந்தும் பழி ஒழியவில்லை. சென்ற பிறவியிலிருந்து இந்தப் பிறவிக்கு இடம் மாறியிருக்கிறது, அவ்வளவே. முன்பாவது முன்வினைக்கு எவரும் சான்று காட்ட முடியாது. இப்போது சான்று காகிதத்தில் இருக்கும். நாமகருமம் உடலை அமைக்கிறது என்று நம் நூல்கள் கூறுவதை அடுத்தவர் குழந்தையைச் சுட்டிக்காட்டுவதற்கான கோலாக எவரும் நமக்குத் தரவில்லை. அது அவரவர் தம்மை நோக்கிச் சொல்லிக்கொள்ள வேண்டியது. பரிசோதனைத் தாளும் அத்தகையதே.

பிறருக்குப் போதிக்கும் தகுதி எனக்கு உண்டா என்பதும் ஐயமே. பல ஆண்டுகட்குமுன் ஒரு குடும்பத்தைப் பற்றி என்னிடம் விசாரித்தவரிடம், "நல்ல குடும்பம்தான், மூத்தவர்க்குக் காது கேளாத பிள்ளை ஒன்று இருந்தது" என்று சொன்னேன். மெய்தான் சொன்னேன். அந்த வரன் நின்றுபோயிற்று. அப்பெண்ணுக்கு மணமாக மேலும் ஏழு ஆண்டுகள் ஆயின. பிறவுயிர்க்குத் தீங்கு விளைக்கும் மெய்யையும் பேசலாகாது என்பது சத்திய அணுவிரதத்தின் இலக்கணம் என்று அறப்பள்ளிச் சிறுவர்க்குச் சொல்லித்தந்தவள் நான்தான்.

ஆகவே அந்தப் பாட்டியிடம் அன்று இவ்வாறு கூறினேன்: "மாப்பிள்ளைப் பையனிடம் சொல்லத்தான் வேண்டும். அவனிடம் மறைப்பது களவுக்கு ஒப்பானது. ஆனால் அவன் சித்தப்பாவிடமோ, தரகரிடமோ, கோயிலில் உன் அருகில் அமர்பவரிடமோ சொல்லாதே. அது ஹிம்சை. அவனும் பரிசோதித்துக்கொள்ளட்டும். அவனுக்கு இல்லையென்றால் இந்தத் தாளுக்கு ஒரு பொருளும் இல்லை; கிழித்துப் போட்டுவிடலாம்."

"அவனுக்கும் இருந்தால், அக்கா?"

"அவ்விருவரும் கூடிப் பேசி முடிவு செய்யட்டும். வேறு வரன் தேடலாம். மணந்துகொண்டு, பிள்ளை பெறாமல் ஒரு குழந்தையைத் தத்தெடுத்தும் வளர்க்கலாம். நீயும் நானும் முடிவு செய்ய வேண்டாம்."

பாட்டிக்கு என் விடை நிறைவளிக்கவில்லை என்பது தெரிந்தது. பையை மடித்துக்கொண்டு எழுந்தார். மறுவாரம் அந்தப் பெண்ணே வந்தாள். பாட்டி என்னைத் தேடி வருவதற்கு முன்பே அவள் அப்பையனிடம் தொலைபேசியில் கூறிவிட்டாளாம். அவனும் இரத்தம் கொடுத்துவிட்டானாம். இக்கட்டுரையை எழுதும் நாள்வரை முடிவு என்னவென்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை, கேட்கும் உரிமை எனக்கில்லை என்பதை அவளிடம் அன்றே சொல்லிவிட்டேன்.

அவள் சென்றபின் நெடுநேரம் அமர்ந்திருந்தேன். பிறகு என் தமக்கையின் மூத்த மகனைத் தொலைபேசியில் அழைத்தேன். அவனுக்கு இப்போது அறுபது வயது ஆகப்போகிறது; மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறான். அவனுக்குப்பின் பிறந்த இருவரைப் பற்றி நாங்கள் இருவரும் பேசிக்கொண்டது அதுவே முதல்முறை. கட்டங்களை வரைந்து காட்ட இயலாததால் சொற்களாலேயே விளக்கினேன். அவன் இடைமறிக்கவில்லை. முடிவில், "சரி சித்தி, பாப்பாவை அழைத்துப் போகிறேன். நானும் கொடுத்துவிடுகிறேன். வெறும் வயிற்றோடு போக வேண்டுமா?" என்று கேட்டான்.

வேண்டியதில்லை, சாப்பிட்டுவிட்டே போகலாம் என்றேன்.